கூடாரத்துப் பக்கம் ஜெனரேட்டர்: சத்தத்தைக் குறைக்கும் வழிகள்

பகலில் அந்தச் சத்தம் பெரிதாகத் தெரியாது. சமையல், பேச்சு, பிள்ளைகள் ஓட்டம் என்று எல்லாவற்றோடும் கலந்துவிடும். இருட்டிய பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் காலை நீட்டிப் படுக்கும்போதுதான், தலைமாட்டிலேயே ‘டபடபடப’ என்று ஓடுவது போலக் கேட்கும். நமக்காவது அது நம்முடைய விளக்கு, நம்முடைய ஃபேன். பக்கத்துக் கூடாரத்தில் கைக்குழந்தையைத் தூங்கவைக்கப் பார்க்கிறவருக்கு அது வெறும் சத்தம் மட்டுமே.

புதிதாக ஜெனரேட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, “ஒரு பெட்டி செய்து மூடிவிடலாமா?” என்பது. மறைப்பு வைப்பது கடைசி வேலை. அப்போதும் முழுசாக மூடவே கூடாது. அதற்கு முன்னால் தள்ளி வைப்பது, திருப்பி வைப்பது, தரையைப் பார்ப்பது, ஆட்டம் கண்ட பாகங்களை இறுக்குவது, லோடை, அதாவது இழுக்கும் மின்சாரத்தைக் குறைப்பது என்று வரிசையாக வேலை இருக்கிறது. இவற்றில் முக்கால்வாசிக்குக் காசே ஆகாது. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

சத்தத்துக்கு முன்னால் புகை

இதை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு மனம் வராது. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி வருவது போன்ற உணர்வு என்று ஆரம்பிக்கும். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. சத்தத்தைக் குறைக்கிறேன் என்று கூடாரத்தின் முன்பந்தலுக்குள்ளோ வண்டிக்குள்ளோ ஜெனரேட்டரை நகர்த்தியதால் உயிர் போன சம்பவங்கள் உண்டு.

ஆகவே கீழே சொல்லும் எதைச் செய்தாலும் மூன்று விஷயங்கள் மாறக்கூடாது. ஜெனரேட்டர் எந்தக் கூடாரத்திலிருந்தும் குறைந்தது 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளித் திறந்த வெளியில் இருக்க வேண்டும். புகைக்குழாய் ஆட்கள் இல்லாத பக்கம் பார்க்க வேண்டும். கூடாரத்துக்குள் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்க வேண்டும். உள்ளங்கை அளவு பொருள்தான், பையில் ஓர் ஓரத்தில் அடங்கிவிடும்.

எந்தச் சத்தம் உங்களைத் தொந்தரவு செய்கிறது?

வெளியிலிருந்து ஒரே இரைச்சலாகக் கேட்டாலும் அது நான்கைந்து சத்தங்களின் கூட்டு. சைலன்சர் வழியாக வரும் ‘டபடப’, என்ஜின் உள்ளே பாகங்கள் அடித்துக்கொள்ளும் ‘டிக்டிக்’, குளிர்விக்கும் ஃபேனின் ‘உய்ங்’, காற்று உள்ளே இழுக்கப்படும் உறுமல், அப்புறம் இயந்திரத்தின் அதிர்வு தரைக்கோ தகட்டுக்கோ இறங்கி அங்கிருந்து எழும் ‘கும்’ என்ற ரீங்காரம்.

இதில் உயர்ந்த ஸ்தாயியில் கேட்கும் சத்தங்களை அடக்குவது சுலபம். நடுவில் ஒரு பலகை நின்றால் போதும், பாதி அடங்கிவிடும். கனத்த ‘டபடப’வும் ‘கும்’மும் அப்படி இல்லை. அவற்றின் அலை நீளமானது, தடுப்பைச் சுற்றி வளைந்து வந்துவிடும், கூடாரத் துணியை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. அவற்றைத் தூரத்தாலும், அதிர்வைப் பிறந்த இடத்திலேயே பிடிப்பதாலும்தான் அடக்க முடியும்.

செல்போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, பரவாயில்லை. ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தால் வித்தியாசம் நம்பும்படி கிடைக்கும். 3 டெசிபல் குறைந்தால் காதுக்கு லேசாகத் தெரியும். 10 குறைந்தால் சத்தம் பாதியானது போல இருக்கும்.

படி 1: தள்ளி வையுங்கள்

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 7 மீட்டரில் 60 டெசிபல் என்றால் 14 மீட்டரில் 54, 28 மீட்டரில் 48. ஒரு நீளமான ஒயர் வாங்கும் செலவில் 12 டெசிபல் குறைகிறது. வேறு எந்த உபாயமும் இவ்வளவு மலிவாக இவ்வளவு தராது.

ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 30 மீட்டர் ஒயரில் 230 வோல்ட்டில் 1,500 வாட் இழுத்தால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 3 வோல்ட் அளவுக்குத்தான் இழப்பு. 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 7 வோல்ட்டாகிவிடும், கம்பியும் சூடாகும். உருளையில் சுற்றிய ஒயராக இருந்தால் தேவை 10 மீட்டரே ஆனாலும் முழுவதையும் அவிழ்த்து விடுங்கள். சுற்றியபடியே லோடு இழுத்தால் உள்ளே சூடு தேங்கி மேலுறை உருகும். வெளிப்புற உபயோகத்துக்கான ரப்பர் உறை ஒயராக இருக்கட்டும். இணைப்புகள் ஈரத்தரையில் கிடக்கக்கூடாது. ஆட்கள் நடக்கும் பாதையைக் கடக்காமல் ஓரமாகக் கொண்டுபோங்கள்.

எந்தத் திசையில் தள்ளுவது என்பதும் முக்கியம். காற்று உங்களிடமிருந்து ஜெனரேட்டரை நோக்கி வீச வேண்டும். காற்று வீசும் பக்கம் சத்தம் அதிக தூரம் போகும், எதிர்ப்பக்கம் சீக்கிரம் அடங்கும். புகைக்கும் இதே விதிதான் என்பதால் ஒரே வேலையில் இரண்டும் முடிந்துவிடுகிறது. ஆனால் காற்று இரவில் திசை மாறும், சாயங்காலம் பார்த்ததை நம்பி விட்டுவிடாதீர்கள்.

நடுவில் ஒரு மண்மேடோ பெரிய பாறையோ கிடைத்தால் அதிர்ஷ்டம், அதன் மறுபக்கத்தில் வையுங்கள். அதே பாறை ஜெனரேட்டருக்குப் பின்னால் இருந்தால் காரியம் கெட்டது. அது சத்தத்தை வாங்கி உங்கள் பக்கமே திருப்பி அனுப்பும். நான்கைந்து மரங்கள் நடுவில் நிற்பதை மறைப்பாக எண்ண வேண்டாம், அது கண்ணுக்கு மட்டும்தான் மறைப்பு.

ஏரி, குளம் பக்கம் முகாம் என்றால் கூடுதல் கவனம் தேவை. பொழுது சாய்ந்ததும் தரையும் அதை ஒட்டிய காற்றும் சீக்கிரம் குளிர்ந்துவிடும், மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். அப்போது மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழேயே வரும். தண்ணீர்ப் பரப்பின் மேல் இது இன்னும் அதிகம். பகலில் எதிர்க்கரைக்குக் கேட்காத ஜெனரேட்டர் இரவில் அங்கே தெளிவாகக் கேட்பது இதனால்தான்.

படி 2: திருப்பி வையுங்கள்

ஜெனரேட்டர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சத்தம் போடாது. பெரும்பாலும் புகைக்குழாய் இருக்கும் பக்கம்தான் அதிகம். போனைக் கையில் வைத்துக்கொண்டு, 5 மீட்டர் தள்ளி ஒரு முழு வட்டம் சுற்றி வாருங்கள். எந்தப் பக்கம் எண் குறைகிறதோ அந்தப் பக்கம் உங்கள் கூடாரத்தைப் பார்க்கட்டும். புகைக்குழாய்ப் பக்கமே அமைதியாக இருப்பதாகப் போன் சொன்னாலும் அதை ஆட்கள் பக்கம் திருப்பாதீர்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பும்போது அங்கே யாருடைய கூடாரமாவது இருக்கிறதா என்றும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

படி 3: தரையைப் பாருங்கள்

ஒரு முறை நாங்கள் இறக்கி ஏற்றச் சோம்பல்பட்டு, வண்டியின் பின்தட்டிலேயே ஜெனரேட்டரை வைத்து ஓட்டினோம். வண்டி ஓரத்தில் வைத்திருந்த எவர்சில்வர் தட்டில் ஸ்பூன் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. வண்டியின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்தால் முழங்கை வரைக்கும் அதிர்வு ஏறியது. மொத்த வண்டியும் ஒரு பெரிய பறை போலச் சத்தத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அணைத்து, இறக்கி, பத்தடி தள்ளி மண்தரையில் வைத்து மறுபடி ஓட்டியதும் அந்தக் ‘கும்’ என்ற ரீங்காரம் அப்படியே காணாமல் போனது. என்ஜின் சத்தம் இருந்தது, ஆனால் காதை அடைத்த அந்தக் கனம் இல்லை.

எனவே வண்டித் தட்டு, மரமேடை, காலிப் பெட்டியின் மேல் என்று உள்ளே வெற்றிடம் இருக்கும் எதன் மேலும் வைக்காதீர்கள். சிமெண்டுத் தரையும் பாறையும் சத்தத்தைத் திருப்பியடிக்கும். மண்ணும் புல்தரையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த புல், சருகு மட்டும் கூடாது. சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும், சுற்றிலும் கூட்டித் தள்ளிவிட்டு வையுங்கள்.

அடியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் கனமுள்ள கெட்டி ரப்பர் பாய் போட்டால் அதிர்வு இன்னும் குறையும். ஸ்பாஞ்ச் வேண்டாம், அது ஒரு பக்கம் அமுங்கி இயந்திரம் சாய்ந்துவிடும். சாய்ந்து நின்றால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், ஆயில் குறைவதாக நினைத்துச் சென்சார் என்ஜினை அணைத்துவிடும். சில மாடல்களில் காற்று அடிப்பக்கமாகவும் உள்ளே போகும். பாய் அந்தத் துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: ‘கிர்ர்’ என்பதைக் கண்டுபிடியுங்கள்

இரண்டு வருஷம் ஓடிய எந்த ஜெனரேட்டரிலும் தளர்ந்த பாகம் ஒன்றாவது இருக்கும். அதுதான் ‘கிர்ர்’, ‘கடகட’ என்று எரிச்சலான சத்தம் போடும். எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கஷ்டம். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு முழ நீளத்துக்குக் காய்ந்த மரக்குச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஓடும்போது, கையையும் துணியையும் தள்ளி வைத்துக்கொண்டு, குச்சி நுனியால் ஒவ்வொரு இடமாக மெல்ல அழுத்துங்கள்: சைலன்சர் மேல் உள்ள தகடு, பக்க மூடி, கைப்பிடி, பெட்ரோல் டேங்கின் ஓரம். ஃபேன் பக்கமும் புகைக்குழாய் வாய்ப் பக்கமும் குச்சி போகக்கூடாது. ஓரிடத்தில் அழுத்தியதும் ‘கிர்ர்’ சட்டென்று நிற்கும், எடுத்தால் மறுபடி வரும். ஆள் அகப்பட்டாயிற்று. என்ஜினை அணைத்து நன்றாக ஆறவிட்டு, அந்த இடத்து போல்ட்டை இறுக்குங்கள். சைலன்சர் தகட்டு போல்ட் சூட்டில் திரும்பத் திரும்பத் தளரும், அங்கே ஸ்பிரிங் வாஷர் போடுவது நல்லது.

‘டபடப’ முன்பைவிடக் கூர்மையாக, ‘டப்ப் டப்ப்’ என்று வெடிப்பது போலக் கேட்டால் சைலன்சர் இணையும் இடத்தைப் பாருங்கள். கரிப்படிவு இருந்தால் கேஸ்கெட், அதாவது இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகடு, போய்விட்டது, புகை அங்கேயே கசிகிறது என்று அர்த்தம். கேஸ்கெட்டை மாற்றினால் சத்தமும் அடங்கும். சைலன்சரே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் அதே மாடலுக்கான புதியதை வாங்கிப் போடுங்கள். ஏர் ஃபில்டர் மூடி சரியாக உட்காராவிட்டால் காற்று இழுக்கும் உறுமல் பெரிதாகும். ஆயில் அளவு குறைந்தாலோ பழசாகிவிட்டாலோ உள்சத்தம் கூடும். இவையெல்லாம் வீட்டிலேயே பார்த்து முடிக்க வேண்டியவை. முகாமில் போய் ஸ்பானர் தேடக்கூடாது.

படி 5: லோடைக் குறையுங்கள்

சாதாரண ஜெனரேட்டர்கள் மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் மாறாமல் இருக்க ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று, 60 ஹெர்ட்ஸ் என்றால் 3,600. ஒரு பல்பு எரிந்தாலும் அதே வேகம்தான். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்பது வேறு வகை, அதில் ஒரு மின்னணுச் சுற்று மின்சாரத்தைச் சீராக்கித் தரும். அதனால் என்ஜின் வேகத்துக்கும் ஹெர்ட்ஸுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. லோடு குறைந்தால் என்ஜினும் தணிந்து ஓடலாம். அதற்கான சுவிட்சுதான் எக்கோ மோட். அதைப் போடாமலேயே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர், மோட்டார் போலத் தொடங்கும்போது அதிகமாக இழுக்கும் கருவி இருந்தால், முதலில் எக்கோ மோடை அணைத்துவிட்டுக் கருவியைத் தொடங்குங்கள். ஓட்டம் சீரானதும் எக்கோவைப் போடுங்கள்.

அப்புறம், எதற்காக ஓட்டுகிறோம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 வாட் எல்இடி விளக்கு நான்கு, 5 மணி நேரத்துக்கு 100 வாட்-மணி. 20 வாட் சின்ன ஃபேன் இரண்டு, 8 மணி நேரத்துக்கு 320. நான்கு போன் சார்ஜ் செய்ய 60. மொத்தம் 480. ஓர் இரவுத் தேவை இவ்வளவுதான் என்றால், 1,000 வாட்-மணிப் பேட்டரிப் பெட்டி ஒன்று தாராளமாகத் தாங்கும். அந்தப் பெட்டி 500 வாட்டில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்றால், பகலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக ஜெனரேட்டரை ஓட்டினாலே போதும். இரவு முழுக்க அது அணைந்தே இருக்கலாம்.

இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவுக்காக உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டுக்கு வெளியே இரவுச் சத்தத்தின் சராசரியை 40 டெசிபலுக்குள் வைக்கச் சொல்கிறது. நல்ல ஜெனரேட்டரை 28 மீட்டர் தள்ளி வைத்தும் 48-இல் நிற்பதை மேலே பார்த்தோம். வீட்டுக்காவது சுவர் இருக்கிறது, கூடாரத்துக்குத் துணிதான். இரவில் ஜெனரேட்டரை அணைப்பதற்கு ஈடான உபாயம் எதுவும் இல்லை. ஏசி ஓட்டியாக வேண்டும் என்றால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அப்போது மற்ற எல்லாப் படிகளையும் ஒன்றுவிடாமல் செய்ய வேண்டும்.

படி 6: தட்டி வையுங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் தட்டி. 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகை இரண்டைக் கீல் போட்டு இணைத்தால், புத்தகம் போலத் திறந்து நிறுத்தலாம், மடித்து வண்டியில் போடலாம். ஜெனரேட்டருக்கும் கூடாரத்துக்கும் நடுவில், இயந்திரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். கூடாரத்திலிருந்து பார்த்தால் இயந்திரம் துளிகூடக் கண்ணில் படக்கூடாது. அதைவிட ஒன்றிரண்டு அடி உயரமாகவே தட்டி இருக்கட்டும். கீழே இடைவெளி இருந்தால் சத்தம் அதன் வழியாக நழுவி வந்துவிடும், மண்ணை அணைத்து அடைத்துவிடுங்கள். காற்றில் சாயாதபடி முட்டுக் கொடுங்கள்.

புகைக்குழாய்ப் பக்கமும் மேற்பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். உள்பக்கத்தில் எதையாவது ஒட்ட விரும்பினால் தீப்பற்றாத கல்பஞ்சு (ராக்வூல்) பலகை ஒட்டுங்கள். அது சத்தம் எதிர்ப்பக்கம் திரும்பிப் போவதைக் குறைக்கும். முட்டைத் தட்டு ஒட்டுவதில் பயனே இல்லை, அட்டைக்குச் சத்தத்தைத் தடுக்கும் கனம் கிடையாது. ஒழுங்காக நிறுத்திய தட்டி 5 முதல் 10 டெசிபல் வரை குறைத்துத் தரும்.

முழுப் பெட்டி ஏன் வேண்டாம் என்கிறேன்? 1 லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. சின்ன ஜெனரேட்டர் அதில் ஒன்றரை யூனிட் போலத்தான் மின்சாரமாகத் தருகிறது. மீதியெல்லாம் சூடு. 1 கிலோவாட் மின்சாரம் எடுக்கும்போது நான்கைந்து கிலோவாட் சூடு வெளியேறுகிறது. இரண்டு மின்சாரக் கெட்டில்கள் விடாமல் கொதிப்பதற்குச் சமம். அதை ஒரு பெட்டிக்குள் அடைத்தால் என்ஜின் வெந்துபோகும், பக்கத்தில் பெட்ரோல் டேங்கும் இருக்கிறது. போர்வை போர்த்துவது அதைவிட மோசம்.

புகைக்குழாயில் ஹோஸ் மாட்டித் தண்ணீர் வாளிக்குள் விடும் யோசனையையும் சிலர் சொல்வார்கள். சத்தம் குறையத்தான் செய்யும். ஆனால் எதிர் அழுத்தம் என்ஜினைத் திணறடிக்கும், அணைத்து ஆறும்போது தண்ணீர் உள்ளே இழுக்கப்படலாம், ஹோஸ் இணைப்பில் புகை கசியும். கார் சைலன்சரை ஒட்டவைப்பதிலும் அழுத்தம், பாரம், கசிவு எல்லாம் உண்டு. கம்பெனி சைலன்சரில் தீப்பொறியைத் தடுக்கும் வலை இருந்தால் அதைக் கழற்றவே கூடாது. காட்டை ஒட்டிய முகாமில் அது அவசியம்.

இன்னும் வாங்கவில்லை என்றால்

டெசிபல் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எத்தனை மீட்டரில், எவ்வளவு லோடில் அளந்தது என்று கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் 7 மீட்டரில், கால்வாசி லோடில் எடுத்தது. ஐரோப்பிய விதிப்படி ஒட்டும் லேபிளில் ‘எல்டபிள்யூஏ 90’ போலப் பெரிய எண் இருக்கும். அது இயந்திரம் வெளிவிடும் மொத்த ஒலித்திறன். அதிலிருந்து 25-ஐக் கழித்தால் 7 மீட்டரில் திறந்த தரையில் கேட்கும் அளவு ஏறக்குறைய வந்துவிடும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் விதி 50 அடியில் 60 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அதைக் கடைசி வரம்பாக வைத்துக்கொண்டு, அதற்கு நன்றாகக் கீழே இருக்கும் இன்வெர்ட்டர் மாடலாகத் தேடுங்கள். உங்கள் தேவைக்குச் சற்றே பெரிய அளவில் வாங்கினால் பாதி லோடில் நிதானமாக ஓடும்.

முகாமுக்குப் போனதும், ஜெனரேட்டரைத் தொடங்கிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு உங்கள் கூடாரத்துக்குள் போகாமல் பக்கத்துக் கூடாரத்துக்கு நடந்து போய், அதன் பக்கத்தில் ஒரு நிமிடம் பேசாமல் நின்று கேளுங்கள். அங்கே யாராவது இருந்தால், எத்தனை மணிக்கு அணைக்கப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் பிள்ளைகள் சீக்கிரம் தூங்குகிறவர்கள் என்றால் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே அணைத்துவிடுங்கள்.